இடது பக்கம் திரும்பாத வண்டி

அந்த மேஜை விளக்கத் தொடாதீங்க, அது என்னோடது. உங்க பொண்ணு மேரனோடது பச்சை விளக்கு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. ஆங், அதான். வயர சுத்தி எடுத்துக்கோங்க. இன்னொண்ணு, இப்ப சொன்னீங்களே, அத மறுபடி சொல்லாதீங்க. உள்ள வந்து பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ரெண்டு தடவை சாரி சொல்லிட்டீங்க. வாசல்ல நின்னு ஒண்ணு. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு இங்க ஒண்ணு. எனக்கு வேண்டாம். நான் கேட்டேனா?

கோவமா? எனக்கு என்ன கோவம்? சரி, கோவந்தான். இருந்துட்டுப் போகட்டும். சாமான் எடுக்க வந்தீங்க, சாமான எடுங்க. அவ எங்க, கீழ வண்டிலயா? மேல வரமாட்டாளாமா? நல்லது, வராமலே இருக்கட்டும். லிஃப்ட் ரிப்பேர். மூணு மாடி. அப்பா ஏறி ஏறி இறங்கட்டும், அம்மணி கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு சொகுசா உக்காந்திருக்கட்டும். நாலு வருஷமா நான் பாக்கிறதுதானே இது. பாத்திரம் கழுவுற அன்னிக்கு மட்டும் அவளுக்குத் தலைவலி வரும்.

மறுபடியும் ம்ம்-ஆ? இந்த ம்ம் இருக்கே, இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது மிஸ்டர் ஆஸ்ட்பி. லைல்னு கூப்பிடுன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கு. என் வாய்ல வராது. இந்த மின்னசோட்டாக்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ம்ம். கூரை இடிஞ்சு தலைமேல விழுந்தாலும், இதவிட மோசமா ஆகியிருக்கலாம்னு சொல்லிட்டுக் காப்பி ஊத்தப் போயிடுவீங்க. எங்க ஊரு டம்பாவுல அப்படி இல்ல. கத்துவோம். தெருவே வந்து நிக்கும். கத்தி முடிச்சா சாப்பிடுவோம். உங்களோட நாலு குளிர்காலம் இருந்து எனக்கும் கத்த மறந்துபோச்சு.

அந்த போர்வை அவளோடது. தலையணை ரெண்டும் அவளோடது. அலமாரில கீழ்த்தட்டு ரெண்டும் அவளோடது, மேல்தட்டு என்னோடது, கலந்துடாதீங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கேக்கணும்னா கேளுங்க. என்ன, லெட்டர் புரியலையா? காப்பியடிச்சத விசாரிக்கிற போர்டு அனுப்பின லெட்டரா? மேரன் எதுவும் விளக்கிச் சொல்லலையா? ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கா, வாயத் தொறக்கலையா? சரிதான், அப்பாவும் பொண்ணும் ம்ம் ம்ம்னே வந்திருப்பீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி அவளோடது, உக்காரலாம். நானே சொல்றேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

நாலு வருஷம் படிச்சா ஒரு டிகிரி, சரியா? அதுக்கு மேல ரெண்டு வருஷம் படிச்சா மாஸ்டர்ஸ். ஆறு வருஷம். எங்க கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல ரெண்டையும் சேத்து அஞ்சே வருஷத்துல முடிச்சுக்கலாம். எப்படின்னா, நாலாவது வருஷம் எடுக்கிற சில பாடம் ரெண்டு டிகிரிக்கும் செல்லும். ஒரு தடவை படிச்சா போதும், ரெண்டு பக்கமும் ஏறிடும். அதுல சேந்துட்டா கொஞ்ச நாள் நீங்க ரெண்டு ஆளு. நானே அப்படித்தான். காலைல ஒன்பது மணிக்கு நான் பி.எஸ். படிக்கிற பொண்ணு, அதே ஒன்பது மணிக்கு எம்.எஸ். படிக்கிற பொண்ணும் நான்தான். லைப்ரரில என் கார்டத் தட்டினா ரெண்டு டெஸ்ஸா வெண்ட் வருவா. ஒருத்திக்கு மூணு வாரம் புஸ்தகம் குடுப்பாங்க, இன்னொருத்திக்கு ஆறு மாசம். சிரிக்கலாம் நீங்க, பரவால்ல, எல்லாரும் சிரிப்பாங்க.

அதுல சேர மூணாவது வருஷக் கடைசில எழுதிப் போடணும். நானும் மேரனும் இதே மேஜைல உக்காந்து எழுதிப் போட்டோம். எனக்குக் கிடைச்சுது. அவளுக்கு மார்க் ஒரு மயிரிழை கம்மி. மயிரிழைன்னா நெஜமாவே மயிரிழை. படிக்கத் தெரியாம இல்ல. பிடிச்ச பாடத்துல முழுகிக் கிடப்பா, பிடிக்காத பாடத்துக்குப் பரீட்சை இருக்குங்கறதையே மறந்துடுவா. வேதியியல் பரீட்சை அன்னிக்கு ஏரில மீன் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. உங்களோடத்தான்! அப்ப உங்களுக்கே தெரியாதா? நல்லா இருக்கு.

அதனால அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டாங்க. நாலாவது வருஷம் வசந்த பருவத்துல ஹேகன் எடுக்கிற பாடத்துல ஏ வாங்கு, அடுத்த ஆகஸ்ட்ல உன்னையும் உள்ள எடுத்துக்கறோம்னு. ஹேகன்தான் எங்க ப்ரொஃபசர். பாடம் என்னன்னா, எந்த வேலைய எந்த வரிசைல செஞ்சா சீக்கிரம் முடியும், எந்த வழில போனா தூரம் கம்மி, அத எப்படிக் கண்டுபிடிக்கிறது. அவ்வளவு புரிஞ்சா போதும் உங்களுக்கு.

இங்கதான் கவனிங்க. அந்தப் பாடத்துக்கு ரெண்டு நம்பர் இருக்கு. நாலாயிரத்துல ஆரம்பிக்கிறது ஒண்ணு, அஞ்சாயிரத்துல ஆரம்பிக்கிறது ஒண்ணு. நாலாயிரம் டிகிரிப் பிள்ளைங்களுக்கு, அஞ்சாயிரம் மாஸ்டர்ஸ் பிள்ளைங்களுக்கு. ஒரே ரூம். ஒரே ஹேகன். ஒரே நேரம், ஒரே கரும்பலகை, அவர் சொல்ற அதே அசட்டு ஜோக். பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருப்போம், அவ நாலு நம்பர், நான் அஞ்சு நம்பர். என்ன வித்தியாசம்னா, வீட்டுக்குக் குடுக்கிற வேலைல நாலு நம்பர்க்காரங்க மூணு கணக்குப் போட்டா போதும். அஞ்சு நம்பர்க்காரங்க நாலு போடணும். அந்த நாலாவது இருக்கே, அதுதான் உயிர எடுக்கும். அதப் போட்டாதான் நீ மாஸ்டர்ஸ் படிக்க லாயக்கு, இல்லாட்டி எதுக்கு அந்த நம்பர்?

இன்னொரு கூத்து கேளுங்க. நான் பாதி மாஸ்டர்ஸ் ஆளு இல்லையா, அதனால நாலு நம்பர்க்காரங்க பேப்பர் திருத்துற வேலை எனக்கு. பக்கத்து நாற்காலிக்காரி எழுதினத வீட்டுக்கு வந்து நான் திருத்துவேன். அவ இதே அடுப்புகிட்ட நின்னு முட்டை பொரிச்சுக்கிட்டே, டீச்சரம்மா, எனக்கு எத்தனை போட்டீங்கன்னு கேப்பா. சொல்லமாட்டேன். சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்காங்க. யார் பேப்பர்ல தப்புத் தண்டா இருந்தாலும் ஹேகன்கிட்டப் போய்ச் சொல்லணும். அதுக்கும் கையெழுத்து. அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்ங்கறீங்க? ரூம்மேட்டுன்னு விட்டுருக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

அதானே. விடக் கூடாது. உங்க வாய்லயே வந்துடுச்சு பாருங்க.

மார்ச் கடைசில நாலாவது அசைன்மெண்ட் வந்துச்சு. அதோட நாலாவது கணக்கு, ஒரு சின்ன ஊரோட தெரு மேப். மூணு பனி வாருற வண்டி. எந்த வண்டி எந்தத் தெரு வழியா எந்த வரிசைல போனா ஊர் மொத்தமும் சீக்கிரம் சுத்தமாகும்? அதக் கண்டுபிடிக்க ப்ரோக்ராம் எழுதணும். கேக்க சின்னக் கணக்கு மாதிரி இருக்கும். இருக்காது. பதினோரு நாள் அதோட மல்லு கட்டினேன். எழுதுவேன், ஓட விடுவேன், வண்டி ஒரே தெருவுல போய்ப் போய் வரும். அழிப்பேன். எங்க வீட்டுல இத்தனை தூரம் படிக்க வந்தது நான்தான், என் அம்மாவுக்கு அஞ்சு வருஷத்துல ரெண்டு டிகிரின்னு சொன்னா போதும், கடைல கூட வேலை பாக்கிறவங்க காது புளிக்கிற வரைக்கும் சொல்லுவா. இந்த ஒரு கணக்குல போச்சுன்னா பாடத்துல பி மைனஸ். பி மைனஸ் வந்தா அந்தப் பாடம் ரெண்டு பக்கமும் ஏறாது. ஏறலைன்னா நான் வெளிய.

மேரனா? மேரனுக்கு அந்தக் கணக்குக்கு மார்க்கே கிடையாது. மூணு போட்டா போதும் அவளுக்கு.

ஆனா அவ பேர்ல போன ஃபைல்ல நாலாவதும் இருந்துச்சு. என் ஃபைல்லயும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணு. பேர் மட்டும் மாத்தி, உள்ள எலும்பு ஒண்ணு. காப்பி பிடிக்கிற கம்ப்யூட்டர் இத கண்டுபிடிச்சிருக்காது, அது நாலு நம்பரத் தனியா பாக்கும், அஞ்சு நம்பரத் தனியா பாக்கும், ரெண்டையும் சேத்துப் பாக்காது. ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்கிற ஆளுதான் பாக்க முடியும். நான்தான் பாத்தேன். ஹேகன் ரூமுக்குப் போயிக் கதவச் சாத்திட்டு, ரெண்டும் ஒண்ணா இருக்கு சார்னு சொன்னேன். நாங்க ஒரே வீட்டுல இருக்கோம், என் கம்ப்யூட்டர் தொறந்துதான் கிடக்கும்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் எல்லாம் தானா நடந்துச்சு. போர்டுல மூணு பேரு, ஒரு ஜாடித் தண்ணி, இருபத்தஞ்சு நிமிஷம். அவகிட்ட அவங்க கேட்டது ஒரே கேள்விதான். ஏம்மா, உனக்கு மார்க்கே இல்லாத கணக்க நீ எதுக்குப் போட்ட? அதுக்கு உங்க பொண்ணு என்ன பதில் சொன்னா தெரியுமா? சும்மா போட்டேன்னா. சும்மா! சும்மான்னு சொன்னா யார் நம்புவா? இந்தக் கட்டடத்துல யாராவது சும்மா ஒண்ணு செஞ்சு பாத்திருக்காங்களா? காப்பி மெஷின் பட்டன அழுத்தினாகூட எவ்வளவு மார்க்குன்னு கேக்கற கூட்டம் இது. அந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மாஸ்டர்ஸ்ல சேத்துக்கறதுக்காக, எனக்கு இதுவும் தெரியும்னு காட்ட ரூம்மேட்டோடத எடுத்துப் போட்டிருக்கான்னு முடிவு பண்ணிட்டாங்க. அதவிட நியாயமான முடிவு வேற என்ன இருக்கு? நான் அந்த நாற்காலில இருந்தா நானும் அதத்தான் எழுதியிருப்பேன்.

பாடத்துல முட்டை. லிஸ்ட்லேர்ந்து பேர் அடிச்சாச்சு. அந்தப் பாடம் இல்லாம டிகிரியும் இந்த மே மாசம் கிடையாது, டிசம்பர்தான். அஞ்சு வருஷ டிகிரி இனிமே அவளுக்கு இல்ல, எப்பவும் இல்ல. இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் அப்பீல் பண்ணலாம். அப்புறம் அது கல்லுல வெட்டின எழுத்து.

என்ன சொன்னீங்க?

அப்பீல் பண்ணப் போறதில்லையா? யார் சொன்னா, அவளா? நீங்களா! நீங்க வேண்டாம்னீங்களா? ஏன்? தப்பு பண்ணினா நிமிந்து நின்னு ஒத்துக்கணும், மேல மேல பொய் சொல்லக் கூடாதுன்னு... ஓஹோ. அப்படித்தான் வளத்தீங்களா? அவ என்ன சொன்னா அதுக்கு? ஒண்ணும் சொல்லலையா? அதுக்கு முன்னாடி? முன்னாடி ஏதாவது சொல்லியிருப்பாளே? சரி சரி, இப்ப வேண்டாம்.

இந்தப் பெட்டி ரெண்டையும் கீழ கொண்டு போங்க. விளக்கையும் எடுத்துக்கோங்க. போங்கன்னா. பொறுமையா போங்க, ரெண்டாவது மாடில ஒரு படி உடைஞ்சிருக்கு. எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு.

வந்துட்டீங்களா? அதுக்குள்ளயா? மூச்சு வாங்குது, நில்லுங்க கொஞ்ச நேரம். கையில என்ன அது?

பால் அட்டைப்பெட்டி. உள்ள... மீனா? ஐஸோட உறைஞ்சு கிடக்கு. ஜனவரில ஏரி உறைஞ்சிருக்கும்போது பிடிச்சது, தண்ணி ஊத்தி உறைய வச்சா மே மாசம் வரைக்கும் நிக்கும், தெரியும் தெரியும், ஒவ்வொரு வருஷமும் கொண்டு வந்து எங்க ஃப்ரீசர அடைச்சு வைப்பீங்களே. இது எதுக்கு இப்ப? எனக்கா? எனக்கு எதுக்கு? உங்க வீட்டம்மா குடுத்து விட்டாங்களா? எங்க பொண்ணு உனக்குப் பண்ணினதுக்கு... வேண்டாம். நிறுத்துங்க. சொல்லாதீங்க. சொல்லிட்டீங்க. மூணாச்சு.

அந்த மேஜை மேல வைங்க. ஈரம் ஆகட்டும், பரவால்ல.

நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ம்ம் கூடாது, முழுசா சொல்லணும். நீங்க கவுண்டி ரோட்டுக்கெல்லாம் பனி வாருற வண்டிதானே ஓட்டுறீங்க? எத்தனை வருஷமா? இருபத்தாறு. சரி. பனி வாரும்போது இடது பக்கம் திரும்பினா என்ன ஆகும்?

கேள்விக்கு என்ன காரணம்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல நீங்க சொல்லுங்க.

ம்... முன்னாடி இருக்கிற தகடு வலது பக்கமா சாஞ்சிருக்கும்... பனி வலப்பக்கம் ஓரமா போய் விழும்... சரி... இடது பக்கம் திரும்பினா? ஓ. நாலு முனை சந்திப்புல குறுக்கால ஒரு கரை கட்டின மாதிரி இழுத்து விட்டுட்டுப் போயிடும். பின்னாடி வர்ற கார் அதுல போய் மாட்டிக்கும், திரும்பி வந்து அத வேற வாரணும். அதனால முடிஞ்சவரைக்கும் வலது, வலது, வலது. சுத்து வழியா இருந்தாலும் வலது. அப்படியா? இவ்வளவுதானா விஷயம்? நீங்க இத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்ல.

மேரனுக்குத் தெரியுமா இது? சின்னதுல உங்க பக்கத்துல உக்காந்து வருவாளா? ஸ்கூல் லீவு விட்ட பனி நாள்ல எல்லாமா? ம்ம். பாருங்க, எனக்கும் வந்துடுச்சு இந்த ம்ம்.

ஏன் கேட்டேன்னா, அந்த ரெண்டு ப்ரோக்ராம்லயும் அது இருக்கு. வண்டி இடது பக்கம் திரும்பினா நேரத்தோட இன்னும் இத்தனை நிமிஷம் கூட்டிக்கோன்னு ஒரு வரி. வகுப்புல வேற ஒருத்தர்கிட்டயும் அந்த வரி இல்ல. ஹேகன் எழுதி வச்ச விடைல கூட இல்ல. போர்டுல ஒரு அம்மா கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கிட்டு என்னைக் கேட்டாங்க, இந்த வரி எதுக்கும்மான்னு. நான், ப்ரோக்ராம் வேகமா ஓடறதுக்குன்னு சொன்னேன். தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. அது எதுக்குன்னு எனக்கு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.

நான் டம்பாக்காரி, மிஸ்டர் ஆஸ்ட்பி. பதினெட்டு வயசு வரைக்கும் பனியவே பாத்ததில்ல.

உக்காருங்க. இன்னும் இருக்கு.

ஈஸ்டருக்கு அவ உங்க வீட்டுக்கு வந்தா இல்ல? லேப்டாப்ப இந்த மேஜைலயே வச்சுட்டு வந்தா. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவளே சொன்னதுதான். கேட்டிருந்தா உக்காத்தி வச்சு விளக்கியிருப்பா, அவளுக்கு அது சந்தோஷம். அதனாலதான் கேக்கல. பதினோரு நாள் நான் முட்டிக்கிட்டது, இவ கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டைய கிழிச்சு பின்பக்கம் ரெண்டு நாள் கிறுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே எழுதி முடிச்சா. மார்க் இல்லாம. தேவையே இல்லாம. எனக்கு அவளப் பிடிக்காது, தெரியுமா உங்களுக்கு? நாலு வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்டோம், எனக்கு அவள அவ்வளவு பிடிக்கும், அவ்வளவு பிடிக்காது. எடுத்தேன். ப்ரோக்ராம் உள்ள வர்ற பேரெல்லாம் மாத்தினேன். அந்த ஒரு வரி எனக்குப் புரியல, எடுத்தா விடை தப்பா வருமோன்னு பயந்து அப்படியே விட்டுட்டேன்.

அவ அத அனுப்பி வைப்பான்னு யாருக்குத் தெரியும்? மார்க் இல்லாத கணக்க எவ அனுப்புவா? பேப்பர் திருத்த உக்காந்தப்பதான் பாத்தேன். அப்பவும் பேசாம விட்டிருப்பேன். அன்னிக்குப் பாத்து ஹேகன், நாலு நம்பர்ல யாராவது நாலாவது கணக்கத் தொட்டிருந்தா எனக்கு அனுப்பும்மா, ஆசையா இருக்குன்னு சொல்லிட்டார். அனுப்பினா பாப்பார். பாத்தா தெரியும். யார் மொதல்ல போய்ச் சொல்றாங்களோ அவங்க பக்கம்தான் எல்லாரும் திரும்புவாங்க. ரெண்டு பேர்ல அஞ்சு நம்பர்க்காரி யாரு, திருத்துறவ யாரு, நான்தானே. சந்தேகமே வராது. வரவும் இல்ல.

இல்ல, கத்துங்க. கத்தலாம் நீங்க. நீங்க வந்ததும் கத்துவீங்கன்னுதான் காலைலேர்ந்து உக்காந்திருந்தேன், என்ன கத்தினாலும் பதிலுக்குக் கத்தணும்னு. நீங்க தொப்பியக் கழட்டிட்டு என்கிட்ட சாரி கேக்கறீங்க. மீன் குடுக்கறீங்க.

மணி மூணே முக்கால். ஓடாதீங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க விளக்கும் பெட்டியும் எடுத்துக்கிட்டுக் கீழ போனீங்களே, அப்பவே மெயில் அனுப்பிட்டேன். ஹேகனுக்கும் போர்டுக்கும். ஈஸ்டர், பாஸ்வேர்டு, எனக்கே புரியாத அந்த இடது பக்க வரி, எல்லாம் எழுதியிருக்கேன். மூணு நாளா எழுதி வச்சு அனுப்பாம வச்சிருந்தது. போர்டு ஆபீஸ்ல அந்த அம்மா, கிடைச்சுதுன்னு பதில் போட்டுட்டாங்க, அப்பீலா எடுத்துக்கறோம்னு. மேரனோடது எதுவும் பறிபோகாது. எனக்குத்தான் ரெண்டு தண்டனை வரும் போல, பி.எஸ். படிக்கிறவளுக்கு ஒண்ணு, எம்.எஸ். படிக்கிறவளுக்கு ஒண்ணு.

ஏன் அனுப்பினேன்னா கேக்கறீங்க? நல்லவளாகிட்டேன்னு நெனைக்காதீங்க. அப்பீல் வேண்டாம்னு நீங்கதான் சொன்னதா சொன்னீங்க பாருங்க, அப்பதான். அவ உங்ககிட்ட சொன்னா, இல்லையா? லெட்டர் வந்த அன்னிக்கே சொல்லியிருப்பா. அப்பா, நான்தான் எழுதினேன்னு. சும்மா எழுதினேன்னு. சொன்னாளா இல்லையா? நிமிந்து சொல்லுங்க.

சொன்னா.

நீங்க நம்பல.

போர்டுல இருந்த மூணு பேருக்கு அவ யாரோ. ஹேகனுக்கு எம்பது பேர்ல ஒருத்தி. நான் திருடி. நீங்க யாரு? சின்னதுலேர்ந்து பக்கத்துல உக்கார வச்சு அந்த ரோடெல்லாம் காட்டினவர். ஒரு தடவை அந்தப் பேப்பர வாங்கி, இதுல என்னம்மா எழுதியிருக்கன்னு கேட்டிருந்தா அவ அந்த ஒரு வரியச் சொல்லியிருப்பா, உங்களுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். கேக்கல. லெட்டர்ல முத்திரை இருந்துச்சு, போதும் உங்களுக்கு. அவ சொல்றது நெஜம்னு தெரிஞ்ச ஒரே ஆளு உலகத்துலயே நான்தான்னு ஆயிடுச்சு. நான்! அதுக்கப்புறம் எப்படி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது?

என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. பரவால்லன்னு மட்டும் சொன்னீங்க, இந்த மீன அப்படியே ஜன்னல் வழியா வீசுவேன். தோள்ல எல்லாம் கை வைக்காதீங்க. நான் அழல.

போங்க மிஸ்டர் ஆஸ்ட்பி. சாமான் இருக்கட்டும், அவளே வந்து எடுத்துக்குவா, இல்ல இங்கயே இருப்பா, அவ இஷ்டம். வெறுங்கையோட போங்க. என்கிட்ட மூணு தடவை சொன்னீங்களே, அதக் கீழ போய் அவகிட்ட ஒரு தடவை சொல்லுங்க.